350 பிளாக்கில் 383 ஸ்ட்ரோக்கர்: பிக்கப்புக்கு எஞ்சின் கட்டும் முறை

ஷெவ்ரலே 350 (கன அங்குல) எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 4.000 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 3.48 அங்குலம். அதே பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலை, 30 தௌ பெரிதாகக் கடைந்து, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கை 3.75 அங்குல ஸ்ட்ரோக்கில் பூட்டினால் கொள்ளளவு 383 கன அங்குலம், சுமார் 6.3 லிட்டர் ஆகிறது. இப்படி ஸ்ட்ரோக்கைக் கூட்டிய எஞ்சினைத்தான் ஸ்ட்ரோக்கர் என்கிறோம். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ஊர் லேத் பட்டறைகளிலும் இதே சொல்தான், அதனால் கீழே அளவுகளை அப்படியே சொல்கிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1988 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற சி1500, கே1500 பிக்கப்புகள். த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் உள்ள 350 எஞ்சின், எல்05 என்பது அதன் குறியீடு. காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடியிலேயே இரண்டு இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் முறை இது. என்னிடம் இருப்பது 1990 சி1500. இந்த எஞ்சினை இரண்டு முறை கட்டியிருக்கிறேன், புதிதாகக் கட்டுபவர்கள் பக்கத்திலும் பலமுறை நின்றிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றேதான்: பாகங்களை முதலில் வாங்கிவிட்டு அளவுகளை அப்புறம் எடுக்கிறார்கள். ஸ்ட்ரோக்கர் என்பது முக்கியமாக இடைவெளி பார்க்கும் வேலை. வரிசை தப்பினால் ஒரே செலவை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

1. வண்டி என்ன வேலை செய்யப்போகிறது?

பிக்கப் பெரும்பாலும் 1,500 முதல் 4,000 ஆர்பிஎம்முக்குள்தான் ஓடுகிறது. டிரெய்லர் இழுக்கும்போது 6,000 ஆர்பிஎம்மில் வரும் சக்தியால் எந்தப் பயனும் இல்லை. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி), கம்ப்ரஷன் (கலவை நசுங்கும் விகிதம்), கியர் எல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தே அமையும் என்பதால் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு எடை இழுக்கும், எந்த ஆக்டேன் பெட்ரோல் போடுவீர்கள், ஆட்டோமேட்டிக்கா மேனுவலா.

உங்கள் மாநிலத்தில் புகைப் பரிசோதனை உண்டா என்பதையும் இப்போதே பாருங்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் அனுமதி எண் இல்லாத பாகத்தைப் பூட்டினால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வண்டி தேறாது.

2. கையில் இருக்க வேண்டியவை

எஞ்சின் ஸ்டாண்டு, தூக்கும் கிரேன், நம்பகமான டார்க் ரெஞ்ச் இவை எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் விட்டுவிடுவது அளக்கும் கருவிகளைத்தான். வெளி அளவுக்கு மைக்ரோமீட்டர், உள் அளவுக்கு டயல் போர் கேஜ், காந்த அடிப்பகுதி உள்ள டயல் இண்டிகேட்டர், ஃபீலர் கேஜ், கேம் டிகிரி வீல், ரிங் இடைவெளி தேய்க்கும் ஃபைலர், ரிங் கம்ப்ரஸர், களிமண் ஒரு கட்டி. பிளாஸ்டிகேஜ், அதாவது நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் இழை, ஒரு குறுக்குச் சோதனைக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி பேரிங் கிளியரன்ஸ் முடிவு செய்யாதீர்கள். அது ஒரு புள்ளியின் அளவைத்தான் காட்டும், துளை நீள்வட்டமாகியிருந்தாலும் கூம்பாகியிருந்தாலும் சொல்லாது.

ஒரு நோட்டும் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பக்கம். எடுத்த அளவை அன்றே எழுதுங்கள்.

3. பிளாக்கை அறிந்துகொள்ளுங்கள்

முதலில் பிளாக்கின் பின்பக்கம், டிரான்ஸ்மிஷன் பூட்டும் விளிம்பின் மேலே உள்ள வார்ப்பு எண்ணைப் பாருங்கள். 14093638 என்றால் இந்த வண்டிகளில் வந்த பிளாக். 10243880 என்றால் 1996-க்குப் பிந்திய வோர்டெக் பிளாக். இரண்டிலும் பின் ஆயில் சீல் ஒரே வளையமாக இருக்கும். 1986-க்கு முந்திய 350-களில் சீல் இரண்டு துண்டு.

இது சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் கிராங்கின் பின்முனையே இந்த இரண்டிலும் வேறு வேறு. அதில் பூட்டும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தட்டின் போல்ட் வட்டம் ஒரு துண்டு சீலில் 3.00 அங்குலம், இரண்டு துண்டு சீலில் 3.58 அங்குலம். தள்ளுபடியில் கிடைத்த 383 கிட் வாங்கிவிட்டு, பிளாக்குக்குப் பொருந்தாமல் பெட்டியோடு திருப்பி அனுப்பியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

அடுத்து மெயின் அளவு, அதாவது கிராங்க் பிளாக்கில் உட்காரும் உருளைப் பகுதியான மெயின் ஜர்னலின் விட்டம். 3.75 அங்குல ஸ்ட்ரோக் முதலில் ஷெவ்ரலே 400 எஞ்சினுடையது. அந்தக் கிராங்கின் மெயின் ஜர்னல் 2.65 அங்குலம், 350-இல் 2.45. பழைய 400 கிராங்க் கிடைத்தால் ஜர்னலைக் கடைந்து சிறிதாக்காமல் இதில் உட்காராது. 350 பிளாக்குக்கென்றே 2.45 அங்குல ஜர்னலோடு புதிய 3.75 கிராங்க் விற்கிறார்கள். அதையே வாங்குங்கள்.

பிறகு விரிசல் சோதனை. கழுவிய பிளாக்கை பட்டறையில் காந்தப் பொடி சோதனைக்குக் கொடுங்கள். சிலிண்டர்களை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் அளந்து எழுதுங்கள். ஏற்கெனவே 30 தௌ கடைந்த பிளாக் என்றால் 40 தௌ போகலாம், 60 என்றால் சுவர் மெலிந்துவிடும். சுமை இழுக்கும் வண்டியில் மெலிந்த சுவர் சூடேறி நெளியும், ரிங் சீல் ஆகாது. 60 தௌ கடைந்த பிளாக்கை நான் பிக்கப்புக்கு எடுக்கமாட்டேன். வேறு பிளாக் தேடுவதே மலிவு.

கேமின் மேல் ஏறி இறங்கி வால்வைத் தள்ளும் லிஃப்டர்களின் இருக்கைகளையும் பாருங்கள். பல டிரக் பிளாக்குகளில் ரோலர் லிஃப்டருக்கான உயரமான வார்ப்பு இருக்கும், ஆனால் அதைப் பிடிக்கும் தகட்டுக்கான துளைகள் போட்டிருக்காது. துளை இருந்தால், அல்லது பட்டறையில் போட முடிந்தால், ரோலர் கேமுக்கே போங்கள். காரணம் 11-ஆவது படியில்.

4. கம்ப்ரஷன் கணக்கு

பிஸ்டன் வாங்கும் முன் இந்தக் கணக்கை உங்கள் கையாலேயே போடுங்கள்.

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 783.8 சிசி. வோர்டெக் ஹெட்டின் அறை 64 சிசி. 4.100 அங்குல விட்டமும் 28 தௌ கனமும் உள்ள கேஸ்கெட் 6.1 சிசி. பிஸ்டன் மேல் விளிம்பு, ஹெட் உட்காரும் மேல்முகமான டெக்குக்குக் கீழே 12 தௌ நின்றால் 2.5 சிசி. பிஸ்டன் தலையில் 18 சிசி குழி. இவற்றைக் கூட்டினால் 90.6. விகிதம் (783.8 + 90.6) ÷ 90.6, அதாவது 9.65.

இதே ஹெட்டோடு தட்டைத் தலை பிஸ்டன், வால்வு வெட்டு 5 சிசி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். விகிதம் 11.1-க்கு ஏறிவிடும். இரும்பு ஹெட், சாதாரண பெட்ரோல், பின்னால் டிரெய்லர் என்றால் மேட்டில் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) நிச்சயம். என் முதல் எஞ்சினில் நடந்தது இதுதான். 350-இல் தட்டைத் தலை ஓடியதே என்று நினைத்தேன். ஸ்ட்ரோக் கூடினால் அதே அறைக்குள் அதிகக் காற்று நசுங்குகிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை மாற்றி, மறுபடி பேலன்ஸ் செய்யும்படி ஆனது.

87 ஆக்டேனில் சுமை இழுக்க வேண்டுமென்றால் 9.3 பக்கம் நில்லுங்கள். மேலே சொன்ன கணக்கில் 22 சிசி குழி போட்டால் அங்கே வந்துவிடும். 9.65 என்றால் மேல் ரக பெட்ரோல் போடத் தயாராக இருங்கள்.

குவெஞ்ச் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிஸ்டனின் தட்டைப் பகுதி உச்சியில் நிற்கும்போது ஹெட்டின் தட்டைப் பகுதியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவு அது. 12 தௌவும் 28 தௌவும் சேர்ந்து 40. இதுவே நல்ல அளவு. இந்த ஒடுக்கம் கலவையைக் கலக்கி அடித்து நாக்கிங்கைக் குறைக்கிறது. பலர் கம்ப்ரஷனைக் குறைக்கக் கனமான கேஸ்கெட் போடுகிறார்கள். விகிதம் சற்றுக் குறையும், ஆனால் குவெஞ்ச் 60-ஐத் தாண்டி நாக்கிங் கூடும். விகிதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பிஸ்டன் குழியைக் கூட்டுங்கள், கேஸ்கெட்டைத் தொடாதீர்கள்.

5. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசை

கிராங்க், அதையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடு, பிஸ்டன் மூன்றும் ஒரு குடும்பம். பிளாக்கின் டெக் உயரம் 9.025 அங்குலம். அதில் ஸ்ட்ரோக்கில் பாதியான 1.875-ஐயும் ராடு நீளத்தையும் கழித்தால் மிஞ்சுவதே பிஸ்டன் பின்னுக்கு மேலே டெக் வரை உள்ள இடம். 5.7 அங்குல ராடு என்றால் 1.425 அங்குல பிஸ்டன், 6.0 ராடு என்றால் 1.125. இரண்டிலும் பிஸ்டன் டெக்குக்கு 25 தௌ கீழே நிற்கும்.

பிக்கப்புக்கு எது? நான் 5.7 ராடையே எடுப்பேன். 6.0 ராடில் பின் துளை மேலே ஏறி ரிங் பள்ளங்களை நெருங்கிவிடுகிறது. நீண்ட ராடால் பக்கவாட்டு அழுத்தம் குறைவது உண்மைதான், ஆனால் 4,500 ஆர்பிஎம்மைத் தாண்டாத எஞ்சினில் அந்த வித்தியாசம் கையில் தெரியாது. ஒரு நிபந்தனை: கிராங்கின் எதிர் எடைகள் 5.7 ராடுக்கு ஏற்றவையா என்று விற்பவரிடம் கேளுங்கள். சில கிராங்குகளில் பிஸ்டன் கீழே வரும்போது அதன் அடிப்பாகம் எதிர் எடையில் இடிக்கும்.

ராடு போல்ட் வடிவத்தையும் கவனியுங்கள். பழைய 350 ராடில் நட்டும் போல்ட்டும் தோள்பட்டை மாதிரி வெளியே நீட்டி நிற்கும். ஸ்ட்ரோக்கர் கிளியரன்ஸுக்கென்று செய்த, மூடியில் நேரே திருகும் போல்ட் உள்ள ராடு வாங்கினால் பாதித் தேய்ப்பு வேலை மிச்சம்.

பேலன்ஸ் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. பழைய இரண்டு துண்டு சீல் 350 முழுக்க உள்ளேயே பேலன்ஸ் ஆனது. 400 முன்னும் பின்னும் வெளி எடையால் ஆனது. நம் ஒரு துண்டு சீல் 350-இல் முன்பக்கம் நடுநிலை, பின்பக்கம் ஃபிளெக்ஸ் பிளேட்டில் எடை. வாங்கும் கிராங்க் இதில் எந்த வகை என்று தெரிந்து, அதற்கேற்ற முன்பக்கப் பேலன்சரும் ஃபிளெக்ஸ் பிளேட்டும் சேர்த்தே வாங்குங்கள். மாறிப் பூட்டினால் வரும் அதிர்வு சில ஆயிரம் மைலில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கேமும் ஹெட்டும் கடைசியில். எல்05-இல் வந்த ஹெட் குறைந்த வேகத்துக்காகச் செய்தது. அதன் வழிகள் 383-க்கு மூச்சு முட்டும். 1996–99 டிரக்குகளில் வந்த, 906 அல்லது 062 என்று முடியும் வோர்டெக் ஹெட் இதற்கு நல்ல துணை. அதில் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும். வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் விழும் பழக்கம் அதற்கு உண்டு, சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டு எட்டு போல்ட்டில் உட்காரும், பழையது பொருந்தாது. த்ராட்டில் பாடி உட்காரும் வகை வோர்டெக் மேனிஃபோல்டு தனியாகக் கிடைக்கிறது. மூன்றாவது, ஈஜிஆருக்கான, அதாவது புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்புக்கான, வழி இந்த ஹெட்டுக்குள் இல்லை, வெளியே குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

கேம் விஷயத்தில் அடக்கமாக இருங்கள். 50 தௌ லிஃப்டில் 210 டிகிரியைச் சுற்றியுள்ள இன்டேக் நேரம், 112 டிகிரி லோப் (கேமின் மேடு) இடைவெளி. இந்த வண்டியின் கணினி மேனிஃபோல்டு வெற்றிடத்தை வைத்துத்தான் காற்றைக் கணிக்கிறது. பெரிய கேம் போட்டு வெற்றிடம் ஆடினால் ஐடிலில் வண்டி திணறும்.

6. பட்டறைக்குக் கொடுக்கும்போது

பிஸ்டன்கள் கையில் வந்த பிறகே சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதன் தாளில் கேட்கும் இடைவெளிக்குத்தான் கடைசி ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்ய வேண்டும். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், வார்ப்பு பிஸ்டனைவிட அதற்கு அதிக இடம் வேண்டும். “எல்லாம் 4.030 தானே” என்று பிஸ்டன் வருவதற்கு முன்பே கடைந்த பிளாக்கை அப்புறம் திருத்த வழியில்லை.

ஹோனிங் செய்யும்போது ஹெட்டுக்குப் பதில் இறுக்கும் கனத் தகடான டார்க் பிளேட்டைப் பூட்டச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் மேல்பகுதி நெளிகிறது. அந்த நெளிவோடு வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும்.

மெயின் மூடிக்கு போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்டட் இறுக்கும் விதம் வேறு, துளையின் வடிவமும் மாறும். மெயின் துளைகளை ஒரே கோட்டில் தேய்க்கும் லைன் ஹோன் செய்த பிறகு ஸ்டட்டுக்கு மாறினால் அந்த வேலை வீண்.

டெக்கை அன்றைக்கே வெட்டச் சொல்லாதீர்கள். ஒத்திகைப் பூட்டலில் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அளந்த பிறகு, எத்தனை தௌ என்று எண்ணைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

7. ஒத்திகைப் பூட்டல்

இந்த முழு வேலையிலும் நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. எஞ்சினை இரண்டு முறை கட்டுகிறோம். முதல் முறை ரிங் இல்லாமல், சீல் இல்லாமல், அளப்பதற்காக மட்டும். ஒரு முழு வார இறுதியை இதற்கென்று ஒதுக்குங்கள்.

மெயின் பேரிங்கைப் போட்டு, கிராங்கை வைத்து, மூடிகளை முறைப்படி இறுக்குங்கள். கிராங்க் ஒரு விரலால் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் மேலே போகாதீர்கள். மூடி இடம் மாறியிருக்கும், அல்லது பேரிங்கின் பின்னால் ஒரு தூசி இருக்கும்.

இப்போது ஒரு ராடும் பிஸ்டனும். முதல் சிலிண்டரில் பூட்டிக் கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று இடங்களில் இடிக்கலாம்.

ஒன்று, ராடு போல்ட்டும் சிலிண்டரின் கீழ் விளிம்பும், ஆயில் பேன் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) உட்காரும் விளிம்பின் உள்பக்கமும். இங்கே 60 தௌ வேண்டும். 1/16 அங்குல டிரில் பிட் ஒன்று எடுங்கள், அதன் தடிமன் 62 தௌ. அது தடையில்லாமல் நுழைந்தால் சரி. எஞ்சின் ஓடும்போது ராடு இழுபடும், பேரிங்கில் எண்ணெய்ப் படலத்துக்கு இடம் உண்டு, கிராங்கும் சற்று வளையும். குளிர்ந்த எஞ்சினில் கையால் சுற்றும்போது தொடாமல் போவது மட்டும் போதாது.

இடம் போதவில்லை என்றால் கார்பைடு பர் வைத்துத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, பூட்டி, பார்த்து, மறுபடி கொஞ்சம். சுவருக்குப் பின்னால் தண்ணீர் வழி இருக்கிறது. அவசரப்பட்டு ஆழமாகப் போனால் பிளாக் போய்விடும். தேய்த்த இடத்தின் கூர்முனைகளை மழுக்கி விடுங்கள், கூர்முனையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

இரண்டு, ராடின் தோளும் கேமும். இதைச் சோதிக்க, போடப்போகும் அதே கேமும் டைமிங் செயினும் சரியான குறியில் பூட்டியிருக்க வேண்டும். கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று போனால்தான் கேம் ஒரு சுற்று போகிறது. ஒரே சுற்றில் நிறுத்திவிட்டால் லோப் உயர்ந்து நிற்கும் பாதியைப் பார்க்கவே மாட்டீர்கள். ராடின் தோளில் களிமண் ஒட்டிச் சுற்றிவிட்டு, மெலிந்த இடத்தை வெட்டி அளந்தால் 50 தௌவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சிறிய அடிவட்டம் உள்ள கேமுக்கு மாறுங்கள், அல்லது அதற்கென்று தோள் செதுக்கிய ராடுக்கு.

மூன்று, பிஸ்டன் அடியும் கிராங்கின் எதிர் எடையும். பிஸ்டன் முழுக்கக் கீழே வரும்போது விளக்கடித்துப் பாருங்கள்.

இதை எட்டு சிலிண்டரிலும் செய்யுங்கள். ஒன்றில் சரியாக இருந்தால் எட்டிலும் சரியாக இருக்கும் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வார்ப்பு ஒவ்வொரு இடத்திலும் சற்று மாறும்.

அடுத்து டெக் அளவு. நான்கு மூலைச் சிலிண்டர்களில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டயல் இண்டிகேட்டரைப் பின்னின் நேர்க்கோட்டில் வைத்து அளக்க வேண்டும். விளிம்பில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 25, 27, 22, 24 என்று எண்கள் வரலாம். எங்கும் 12 நிற்க எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை இப்போது பட்டறைக்குச் சொல்லலாம்.

கடைசியாக ஆயில் பேன், கிராங்க் எண்ணெயைக் கலக்காமல் தடுக்கும் விண்டேஜ் தட்டு, டிப்ஸ்டிக். பேனை வைத்துக் கிராங்கைச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் பம்பின் உறிஞ்சும் வாய் பேன் அடியிலிருந்து 3/8 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். அடியில் ஒட்டினால் எண்ணெய் ஏறாது, மிகவும் மேலே இருந்தால் பிரேக் போடும்போது காற்றை இழுக்கும்.

8. பிரிப்பு, பேலன்ஸ், கழுவல்

ஒத்திகையில் எல்லாம் சரியான பிறகு பிரித்து, டெக் வெட்டவும் சுழலும் பாகங்களைப் பேலன்ஸ் செய்யவும் கொடுங்கள். பேலன்ஸுக்குப் பிஸ்டன், பின், ரிங், ராடு, பேரிங், பேலன்சர், ஃபிளெக்ஸ் பிளேட் எல்லாமே போக வேண்டும். அதன் பிறகு எந்தப் பாகத்தை மாற்றினாலும் கணக்கு கெட்டுவிடும்.

திரும்பி வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் வழிகளுக்குள் நீண்ட பிரஷ் விட வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வழி அடைப்பான்களைக் கழற்றாமல் கழுவினால் அது கழுவியதாகாது, தேய்த்த தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். சிலிண்டரை வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் மறுபடி கழுவுங்கள். கழுவி முடித்த நிமிடத்தில் எண்ணெய் பூசிவிடுங்கள், வெந்நீர் பட்ட இரும்பு பத்தே நிமிடத்தில் துரு பிடிக்கும். கேம் பேரிங்குகள் இதற்குப் பிறகுதான் ஏற வேண்டும்.

9. இறுதிப் பூட்டல்

பேரிங் கிளியரன்ஸ்: ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய, நம்பத்தகுந்த விதி. மெயினுக்கு 2.45 அங்குலம் என்பதால் சுமார் 2.5 தௌ, 2.10 அங்குல ராடு ஜர்னலுக்கு 2 முதல் 2.5 தௌ.

கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தாங்குவது ஐந்தாவது, பின் மெயின் பேரிங். மூடிகளை முழுக்க இறுக்கும் முன் கிராங்கை ஒருமுறை பின்னும் ஒருமுறை முன்னும் தட்டி, அந்தப் பேரிங்கின் இரு பாதிகளும் ஒரே கோட்டில் உட்காரச் செய்யுங்கள். அப்புறம் இறுக்குங்கள். இந்தச் சின்ன வேலையை விட்டால் ஒரு பாதி மட்டுமே டார்க் கன்வர்ட்டர் தள்ளுவதைத் தாங்கித் தேயும்.

ரிங் இடைவெளியை ஒவ்வொரு ரிங்குக்கும் அதன் சிலிண்டரிலேயே அளந்து தேயுங்கள். பொதுவாக மேல் ரிங் அங்குலத்துக்கு 4 தௌ, அதாவது 16. இரண்டாவது 20. ஆனால் பிஸ்டன் தாள் வேறு சொன்னால் தாளைக் கேளுங்கள். சில ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்பு) பிஸ்டன்களில் மேல் ரிங் தலைக்கு மிக அருகே சூட்டில் உட்காரும், அவை இதைவிட நிறையக் கேட்கும். இடைவெளி போதாமல் ரிங் முனைகள் முட்டினால் பிஸ்டனின் மேல் பகுதி பிய்ந்துவிடும்.

ராடின் பெரிய துளையில் ஒரு பக்கம் விளிம்பு அதிகமாகச் சீவியிருக்கும். அது கிராங்கின் வளைந்த மூலையைப் பார்த்து நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் பேரிங் விளிம்பு அந்த வளைவில் ஏறும். பிஸ்டனில் குழி ஒரு பக்கமாக இருந்தால் இடது வரிசைக்கும் வலது வரிசைக்கும் பிஸ்டன் வேறாக இருக்கலாம். குழி ஹெட்டின் அறைக்கு நேரே வருகிறதா என்று ஹெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராடு போல்ட்டை முடிந்தால் நீட்சி அளந்து இறுக்குங்கள், அளவு ராடோடு வரும் தாளில் இருக்கும். ஹெட் போல்ட்டுகள் இந்த எஞ்சினில் தண்ணீர் வழிக்குள் இறங்குகின்றன. திரிகளில் சீலண்ட் பூசாவிட்டால் போல்ட் வழியே கூலன்ட் கசியும். நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையாக 65 அடி-பவுண்டு.

10. கேம், வால்வு

குறிகளைச் சேர்த்துவிட்டால் கேம் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டிகிரி வீல் வைத்து இன்டேக் மையத்தை கேம் தாளோடு ஒப்பிடுங்கள். செயினும் கியரும் சில டிகிரி தள்ளி வருவதைப் பார்த்திருக்கிறேன். டிகிரியை மாற்றினால் 7-ஆவது படியில் பார்த்த ராடு–கேம் இடைவெளியும் மாறும், அதை மறுபடி பார்த்துவிடுங்கள்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ. மீண்டும் களிமண்தான். வோர்டெக் ஹெட்டை அப்படியே போட்டால், லிஃப்ட் அதிகமாகும்போது வால்வு ஸ்பிரிங்கின் மேல் மூடி சீலில் இடிக்கும். உங்கள் கேமின் லிஃப்டுக்கு மேல் 50 தௌவாவது மிச்சம் இருக்கிறதா என்று அளக்காமல் பூட்டாதீர்கள்.

லிஃப்டர் இறுக்கம்: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அந்தச் சிலிண்டரின் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள், இன்டேக் மூடி முடியும் தறுவாயில் எக்ஸாஸ்ட்டை. புஷ்ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று. விரலால் உருட்டிப் பார்த்து முடிவு செய்பவர்கள், எண்ணெய் வழுக்குவதால் ஏற்கெனவே இறுகியதைத் தளர்வு என்று நினைத்து அதிகம் இறுக்கிவிடுவார்கள்.

11. எண்ணெய் ஏற்றல், எரிபொருள், முதல் ஓட்டம்

ஸ்டார்ட் செய்யும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் வைத்து ஆயில் பம்பைக் கடிகாரத் திசையில் சுற்றுங்கள். வெறும் தண்டு போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் அங்கே ஒரு எண்ணெய் வழியை அடைக்கிறது, அது இல்லாமல் எண்ணெய் அங்கேயே வழிந்துவிடும். கியர் கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல கருவி. கிராங்கை இடையிடையே திருப்பி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை விடாதீர்கள்.

எரிபொருள் கணக்கு: 270 குதிரைத்திறன் எதிர்பார்த்தால் மணிக்கு சுமார் 135 பவுண்டு பெட்ரோல். இன்ஜெக்டர் இரண்டுதான், 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்க விடக்கூடாது என்றால் ஒவ்வொன்றும் 84 பவுண்டு தர வேண்டும். 350-இன் இன்ஜெக்டர் இதற்குப் போதாது. பெரிய 454 கன அங்குல எஞ்சினின் த்ராட்டில் பாடிக்கு வாய் 2 அங்குலம், இன்ஜெக்டரும் பெரிது. கணினியின் சிப்பில் கொள்ளளவையும் இன்ஜெக்டர் அளவையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு மாறிலி இருக்கிறது. அதைத் திருத்தி எழுதிய சிப் இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள். கலவை மெலிந்து ஓடினால் புதிய பிஸ்டன் ஒரே பயணத்தில் உருகலாம்.

700ஆர்4 கியர்பாக்ஸ் இருந்தால் த்ராட்டிலிலிருந்து போகும் டிவி கேபிளை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். அதுதான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை முடிவு செய்கிறது. தளர்வாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்துவிடும். த்ராட்டில் பாடியை மாற்றியவர்கள் எஞ்சினில் கவனமாக இருந்து கியர்பாக்ஸைப் பறிகொடுப்பது இங்கேதான்.

தட்டை லிஃப்டர் கேம் போட்டிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிடம் அதைச் சுற்றியே ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள எண்ணெயில். ஐடிலில் விட்டால் லோப்புக்கு எண்ணெய் தெறிக்காது, கேம் அன்றே தேய்ந்துவிடும். அதனால் எரிபொருள், டைமிங், கூலன்ட் எல்லாம் முன்பே சரியாக இருக்க வேண்டும். ரோலர் கேமில் இந்தப் பதற்றம் இல்லை.

டைமிங் பார்க்கும்போது பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட கம்பியைப் பிரித்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கணினி தன் பங்குக்கு டிகிரியைக் கூட்டிக் காட்டும். எண் பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது.

அப்புறம் சாலைக்குப் போங்கள். ரிங் உட்கார அழுத்தம் தேவை: மிதமாக முடுக்கி, காலை எடுத்து எஞ்சினாலேயே வேகம் குறையவிட்டு, மறுபடி முடுக்கி, பத்துப் பன்னிரண்டு முறை. திரும்பி வந்ததும் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு. கண்ணுக்குத் தெரியும் துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மின்னினால் பேரிங் அல்லது பிஸ்டன். துகள் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேனைக் கழற்றுங்கள். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் வேண்டாம். அதற்குப் பிறகு இன்னொரு எண்ணெய் மாற்றம், இன்னொரு ஃபில்டர் வெட்டு. அதுவும் சுத்தமாக இருந்தால் கொக்கியில் டிரெய்லரை மாட்டலாம்.